மறு: பாட்காஸ்ட்டுக்குத் தமிழ் – 'கேள்பாடம்' சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பாட்காஸ்ட்டுக்கு, அதிலும் பல்கலைக்கழகப் பாடத்துக்காக ஆசிரியர் பேசிப் பதிந்து தரும் ஒலிக்கோப்புக்கு, தமிழில் என்ன பெயர், 'கேள்பாடம்' சரிவருமா என்று பேசும் இந்த இழை நாற்பது மடல்களைத் தாண்டிவிட்டது. இத்தனை நாளாக நான் வாய் திறக்கவில்லை. காரணம் கொஞ்சம் வெட்கக்கேடானது: ஐந்து பருவங்களாக மாணவர்களுக்கு இந்தப் பொருளைத்தான் செய்துகொடுத்துவருகிறேன், அதற்கு நான் வைத்திருக்கும் பெயர் 'அந்த ஆடியோ'. "சார், அந்த ஆடியோ இன்னும் வரலையே" என்பார்கள். "ராத்திரி போட்டுடறேன்" என்பேன். பெயரில்லாமலே பிழைப்பு ஓடிவிட்டது.

> பாட்காஸ்ட் என்றே எழுதிவிடலாம். எல்லாருக்கும் புரிகிறது. எதற்கு வீண் வேலை?

புரிகிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சொல்லைப் புனிதப்படுத்தவும் வேண்டாம். 2004 பிப்ரவரியில் கார்டியன் நாளிதழில் பென் ஹேமர்ஸ்லி எழுதிய கட்டுரையில், இந்தப் புது வழக்கத்தை என்னவென்று அழைப்பது என்று மூன்று பெயர்களைக் கேள்விக்குறியோடு அடுக்கினார். அதில் ஒன்று பாட்காஸ்டிங். மறு ஆண்டே ஆப்பிள் தன் ஐடியூன்ஸில் அதற்கு இடம் கொடுத்தது. நியூ ஆக்ஸ்போர்டு அமெரிக்க அகராதி அதை ஆண்டின் சொல்லாக அறிவித்தது. 'பாட்' வந்தது ஆப்பிளின் பாட்டுக் கருவியான ஐபாடிலிருந்து. ஐபாட் உற்பத்தி 2022-இல் நின்றுபோனது. கருவி போய்விட்டது, பெயர் மட்டும் அதைச் சுமந்துகொண்டிருக்கிறது. 'காஸ்ட்' இன்னும் பழசு: வயலில் கையால் விதையை வீசித் தெளிப்பதற்கான சொல்லிலிருந்து வானொலிக்கு வந்து, அங்கிருந்து இங்கே ஒட்டிக்கொண்டது. அவர்களும் கையில் கிடைத்ததை வைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள். நாமும் நம் கைக்கு எட்டியதை வைத்துக் கட்டலாம்.

> வலையொலி இருக்கிறதே? வானொலி போலவே அமைந்த சொல்.

நல்ல சொல். பொதுப்பெயராக அதை ஏற்றுக்கொள்வதில் எனக்குத் தடையில்லை. பலர் புழங்கவும் தொடங்கிவிட்டார்கள். ஒரே ஒரு குறும்பு: வாய்விட்டுச் சொன்னால் அது வளையொலி ஆகிவிடுகிறது. லகர ளகரம் பிரித்துச் சொல்வோர் நம்மில் எத்தனை பேர்? வகுப்பில் ஒருமுறை "இந்த வாரம் முதல் வலையொலி உண்டு" என்றேன். கடைசி வரிசையில் ஒரு பெண் கையை ஆட்டி வளையலைக் குலுக்கிக் காட்டினாள். காதால் கேட்கும் பொருளுக்குக் காதிலேயே குழம்பும் பெயர்! ஆனாலும் எழுத்தில் அது நிற்கும். நிற்கட்டும்.

என் பேச்சு வேறு. வலையொலி என்பது ஓடையின் பெயர்: வாராவாரம் புதிது வரும், பின்தொடர்ந்தால் தானாகக் கருவிக்கு வந்து சேரும். பல்கலைக்கழகப் பாடத்தில் நாம் செய்வது அதில் ஒரு தனி வகை. அந்த வகைக்கு ஒரு பெயர் வேண்டும் என்றுதான் இந்த இழையைத் தொடங்கிய அம்மையாரும் கேட்டிருந்தார் என்று நினைக்கிறேன். நடுவில் நாம் எல்லாரும் வலையா ஓடையா என்று திசைமாறிவிட்டோம்.

முதலில் எது அந்த வகை இல்லை என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நானே அதில் ஏமாந்தவன். முதல் பருவத்தில் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஐம்பது நிமிட வகுப்பை அப்படியே பதிந்து ஏற்றினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நானே கேட்டேன். துணி உரசும் சரசரப்பை விடுங்கள். "இதோ பாருங்க, இது இங்கே ஏறுது, அப்போ அது அந்தப் பக்கம் சாயுது" என்று ஒரு குரல் மும்முரமாகப் பேசிக்கொண்டிருக்கிறது. கரும்பலகையைத் தொட்டுக் காட்டிக்கொண்டு பேசியது அது. காதுக்கு இது எது, அது எது? நடுவே ஆறு நிமிடம் வருகைப்பதிவு வேறு. அதை விரிவுரைப் பதிவு என்று சொல்வோம். உடல்நலமில்லாமல் வராதவருக்கு உதவும். அதற்கு மேல் அதற்குப் பெயர் தேட வேண்டாம்.

இரண்டாவது பருவத்தில் எட்டு நிமிடத்துக்கு ஒரே ஒரு முடிச்சை மட்டும் எடுத்துக்கொண்டேன்: புள்ளியியலில் திட்ட விலக்கத்துக்கும் திட்டப் பிழைக்கும் என்ன வேறுபாடு. எழுதி வைத்துக்கொண்டு, போர்வையைத் தலையில் போர்த்திக்கொண்டு (எதிரொலி வராமலிருக்க, சிரிக்காதீர்கள், வேலை செய்கிறது) பேசினேன். மோனோவில் (ஒற்றை ஒலித்தடத்தில்), விநாடிக்கு 64 கிலோபிட் அளவில் சேமித்தால் நிமிடத்துக்கு அரை மெகாபைட்கூட ஆகாது. எட்டு நிமிடமும் நாலு மெகாபைட்டுக்குள் அடங்கியது. இணைப்பு மெதுவாக இருப்பவருக்கு இது சின்ன விஷயமில்லை.

ஏற்றிய இடத்தில் எந்த நொடியை எத்தனை முறை கேட்டார்கள் என்று ஒரு கோட்டுப்படம் காட்டும். மற்ற இடமெல்லாம் சமதரை. 4:10 முதல் 4:50 வரை மட்டும் குன்று. அந்த நாற்பது விநாடியில் நான் சொன்னது இதுதான்: "ஒரு கூடை நிறைய மணிகள். மணிக்கு மணி எடை வேறுபடும். அந்தச் சிதறல் திட்ட விலக்கம். இப்போது கூடையிலிருந்து கைப்பிடி கைப்பிடியாக அள்ளி, ஒவ்வொரு கைப்பிடிக்கும் சராசரி எடுங்கள். அந்தச் சராசரிகளும் ஒன்றுக்கொன்று கொஞ்சம் வேறுபடும். அந்தச் சிதறல் திட்டப் பிழை." யாரோ ஒருவர் அதை ஒன்பது முறை திருப்பிக் கேட்டிருக்கிறார். வகுப்பில் ஒன்பது முறை கையைத் தூக்கி "இன்னொரு தடவை சொல்லுங்க" என்று எவர் கேட்பார்? கேட்டால் நான்தான் முகம் மாறாமல் ஒன்பதாவது முறை சொல்லியிருப்பேனா?

எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது நன்னூல். (இழைக்கு இழை குறளை இழுக்கிறார்கள் என்று நானே பலமுறை அலுத்துக்கொண்டவன்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.) பாயிரத்தில் பாடம் கேட்கும் முறை சொல்லுமிடத்தில் பவணந்தியார்,

ஒருகுறி கேட்போன் இருகாற் கேட்பின்
பெருக நூலிற் பிழைபா டிலனே

என்கிறார். அடுத்த நூற்பா 'முக்காற் கேட்பின் முறையறிந் துரைக்கும்'. இரண்டு முறை கேட்டால் பிழை குறையும், மூன்று முறை கேட்டால் பிறருக்கு எடுத்துச்சொல்லும் அளவுக்கு முறை பிடிபடும். இந்த ஒலிக்கோப்பால் மாணவருக்குக் கிடைக்கும் பயன் என்று நான் கண்டதும் இதுதான். இரண்டாம் முறை கேட்க ஆசிரியர் எதிரே இருக்க வேண்டியதில்லை.

எனவே பெயர் கருவியையோ வலையையோ சொல்லாமல் கேட்டலைச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. 'பாடம் படித்தான்' என்பதற்குச் சமமாக 'இன்னாரிடம் பாடம் கேட்டான்' என்ற வழக்கு நம்மிடம் முன்பே இருக்கிறது. அதிலிருந்து கேள்பாடம்.

இதற்கு என்னென்ன தடை வரும் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. சில ஏற்கெனவே வந்தும்விட்டன.

> கேட்பாடம் என்றல்லவா வர வேண்டும்? முட்புதர், நாட்காட்டி போல.

ஐயா, முட்புதரும் நாட்காட்டியும் பெயரோடு பெயர் புணர்ந்தவை. கேள்பாடம் வினைத்தொகை. கொள்கலம், கொள்முதல் என்பவற்றில் ளகரம் திரிகிறதா? அதே கணக்கு. ஆடியோவுக்கு வழங்கும் 'கேட்பொலி'யில் டகரம் வருவது கேட்பு என்ற பெயர் அங்கே இருப்பதால். கேட்பு வேண்டுமென்றால் கேட்புப்பாடம் என்று போக வேண்டும்; நாக்கு தடுக்கும்.

வினைத்தொகை என்பதில்தான் எனக்கு ஆசையே. ஊறுகாய்க்கு ஊறிய, ஊறுகின்ற, ஊறும் என்று மூன்று காலமும் விரிவது போல, இது கேட்ட பாடம், கேட்கின்ற பாடம், கேட்கும் பாடம். வகுப்பில் ஒருமுறை கேட்டது, இன்றிரவு நடந்துகொண்டே கேட்பது, தேர்வுக்கு முந்தின நாள் கேட்கப்போவது. திரும்பத் திரும்பக் கேட்பது என்பதைத் தனியாக ஒட்டவைக்க வேண்டாம்; காலம் கரந்த அந்த ளகர மெய்யிலேயே அது இருக்கிறது.

> 'கேள்' என்றால் இன்று 'வினவு' என்றுதானே முதலில் தோன்றும்? கேள்விப்பாடம் என்று ஒருவர் சொன்னதை இதே காரணத்துக்காகத்தானே விட்டோம்?

கேள்விப்பாடத்தை விட்டது சரி. அதைப் பார்த்தால் வினாத்தாள் தொகுப்பு என்று நினைத்து எல்லாரும் முண்டியடித்துப் பதிவிறக்குவார்கள். உள்ளே என் குரல் கேட்டதும் சாபமிடுவார்கள். கேள்பாடத்தில் அந்த ஆபத்து குறைவு. ஏவலாகக் காதில் விழும் என்ற ஐயமும் வேண்டாம்: செல்பேசியை யாரும் 'செல், பேசு' என்ற கட்டளையாக எடுத்துக்கொள்வதில்லை.

செவிப்பாடம் என்று ஒரு சகோதரி எழுதியிருந்தார். அழகாகத்தான் இருக்கிறது. எனக்கு அதில் மனப்பாடத்தின் வாடை அடிக்கிறது, அவ்வளவுதான். பெரும்பான்மை அந்தப் பக்கம் போனால் நான் கொடி பிடிக்க மாட்டேன்.

ஒரு வசதியையும் கவனியுங்கள். வலையொலி என்றால் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனிச்சொல் தேட வேண்டியிருக்கிறது. எபிசோடுக்கு இதழா, அத்தியாயமா, பகுதியா என்று பதினைந்து மடல் போயிற்று. கேள்பாடம் எண்ணக்கூடிய பெயர். ஒரு கேள்பாடம், ஐந்து கேள்பாடங்கள். தொடர் முழுவதும் வலையொலி, அதில் வருவது கேள்பாடம். சண்டை முடிந்தது.

> பெயர் எதுவானாலும், இதனால் மாணவர் உண்மையில் கற்கிறார்களா? கருவி மோகம் இல்லையா?

மோகம் இருந்ததுண்டு. 2004-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் புதிதாகச் சேர்ந்த 1,600-க்கும் மேற்பட்ட முதலாண்டு மாணவர்களுக்கு ஆளுக்கொரு ஐபாட் வழங்கியது. அடுத்த ஆண்டே எல்லாருக்கும் என்பதை விட்டுவிட்டு, அதைப் பயன்படுத்தும் பாடங்களில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் என்று மாற்றிக்கொண்டது. கருவியைக் கொடுப்பது ஒன்று, கேட்க ஏதாவது இருப்பது வேறொன்று. 2009-இல் வெளியான ஒரு சோதனையும் நினைவிருக்கிறது. நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஃபிரடோனியா வளாகத்து உளவியல் துறையினர் செய்தது. ஒரே விரிவுரையைச் சிலர் நேரில் கேட்டார்கள், சிலர் பதிவாகக் கேட்டார்கள். தேர்வில் பதிவாகக் கேட்டவர்களின் சராசரி 71, நேரில் கேட்டவர்களுடையது 62. இந்த எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு ஆசிரியரே வேண்டாம் என்று கிளம்பியவர்கள் உண்டு. உள்ளே பார்த்தால், தெளிவாக முன்னே நின்றவர்கள் கேட்டுக்கொண்டே குறிப்பெடுத்தவர்கள். ஒரு விரிவுரை, ஒரு சோதனை. அதற்குரிய எடைதான் அதற்கு. ஆனால் நிறுத்தி, எழுதி, திருப்பிக் கேட்பதில்தான் காரியம் இருக்கிறது என்பதோடு என் கோட்டுப்படக் குன்று ஒத்துப்போகிறது. சமைத்துக்கொண்டே ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு 'கேட்டுட்டேன் சார்' என்பவர்களும் இருக்கிறார்கள். நூற்பாவில் 'கால்' என்றால் முறை, வேகம் அல்ல என்று அவர்களுக்குச் சொல்லிப் பார்த்தேன். பலனில்லை.

துணைச்சொற்களில் எனக்கு அழுத்தமான கருத்துள்ளது ஒன்றே. பேச்சை முழுக்க எழுத்தில் தருவதற்கு 'எழுத்துப்படி' என்று வைத்துக்கொள்வோம்; அதை விருப்பப்பட்டால் சேர்க்கும் இணைப்பாக நம் கலைச்சொல் பட்டியலில் போடாதீர்கள். வலை அணுகல்தன்மைக்கான பன்னாட்டு நெறிகளில், ஒலி மட்டும் உள்ள பதிவுகளுக்கு எழுத்து வடிவம் தர வேண்டும் என்பது அடிப்படையான முதல் படியிலேயே வருகிறது. காது கேளாத மாணவருக்குக் கேள்பாடம் என்ற பெயரே முகத்தில் அறையக்கூடும். எழுத்துப்படி கூடவே வந்தால்தான் இந்தப் பெயரை நான் மனச்சாட்சியோடு முன்மொழிய முடியும். பதிவுக்கு முன்னரே எழுதி வைத்துக்கொண்டு பேசுகிறவருக்கு அது கூடுதல் வேலையும் இல்லை.

மற்றவை: ஒப்படைப்புகளுக்குக் குரலில் கருத்துச் சொல்லி அனுப்புவது 'குரல் பின்னூட்டம்', தகராறு இல்லை. சந்தா என்றால் காசு கட்ட வேண்டுமோ என்று தோன்றும், 'பின்தொடர்' போதும். மாணவர்களே பேசிப் பதிந்து ஒப்படைப்பதற்குத் தனிச்சொல் வேண்டுமா என்று நீங்களே சொல்லுங்கள். அவர்கள் செய்வதும் பிறர் கேட்கும் பாடம்தானே.

பட்டியலைத் தொகுக்கும் நண்பர், கேள்பாடத்தை இப்போதைக்குக் கேள்விக்குறியோடு சேர்த்துக்கொண்டால் போதும்.

அன்புடன்,
'அந்த ஆடியோ' ஆசாமி

பி.கு.: மடலை அனுப்புமுன் சோதித்துவிடலாம் என்று இந்த வாரக் கோப்புக்குச் சத்தமில்லாமல் 'கேள்பாடம் 7' என்று பெயரிட்டு ஏற்றினேன். விளக்கம் எதுவும் எழுதவில்லை. இருபது நிமிடத்தில் முதல் செய்தி: "சார், கேள்பாடம் ஏழு ஓடமாட்டேங்குது." போய்ப் பார்த்தால் ஒலிக்கோப்புக்குப் பதில் எழுத்துப்படியை இரண்டு முறை ஏற்றியிருக்கிறேன்.