பபூன் ராஜபார்ட் ஏற்க முடியுமா? டச்சுக் கலைஞர் விம் சொன்னவெல்ட் பற்றி ஒரு கேள்வி

பள்ளத்தூர் வாசகர்:

அன்பர்களுக்கு வணக்கம். எங்கள் ஊர்த் திருவிழாவில் நடந்த வள்ளி திருமணம் ஸ்பெஷல் நாடகத்தை, கானாடுகாத்தானில் தங்கியிருந்த நெதர்லாந்து நாட்டு முதியவர் ஒருவர் விடிய விடிய உட்கார்ந்து பார்த்தார். பபூன் வந்து ஆர்மோனியக்காரரை வம்புக்கு இழுத்து, ஊர் நிலவரத்தைப் பாட்டில் கோத்துச் சபையைக் குலுங்கச் சிரிக்க வைத்துவிட்டு, சட்டென்று ஒரு தாலாட்டைப் பாடி எல்லோரையும் அமைதியாக்கினார். தங்கள் நாட்டு மேடைப் பாடகரும் நகைச்சுவைக் கலைஞருமான விம் சொன்னவெல்ட்டின் கலையும் இத்தகையதே என்று அம்முதியவர் சொன்னார். தேடிப் படித்தபோது, அதே சொன்னவெல்ட் 1960-இல் ‘மை ஃபேர் லேடி’ இசை நாடகத்தின் டச்சு வடிவத்தில் பேராசிரியர் ஹிக்கின்ஸாகவும் நடித்தார் என்று கண்டேன். அதுவே எனக்கு வியப்பாக இருக்கிறது. நம் மரபில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்று அவரவர்க்கு ஓர் எல்லை உண்டு; பபூன் வேடம் கட்டுபவரை முருகனாக நிறுத்த நாடக அமைப்பாளர் எளிதில் துணியமாட்டார். தனியாளாய் நின்று சிரிக்க வைத்தவர் முழு நீள நாடகத்தின் நாயகனானது எப்படி? அவர் வாழ்க்கையை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

கண்டனூரார், ராட்டர்டாம்:

பள்ளத்தூர் அண்ணனுக்கு வணக்கம். பல ஆண்டுகளாக இந்நாட்டில் வசிப்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சொன்னவெல்ட் தனியாளாகத் தொடங்கியவர் அல்லர். தனியாளாக நின்றது பிற்காலத்தில்தான். உட்ரெக்ட் நகரில் 1917-இல் பிறந்த அவர், 1930களில் லூயி டேவிட்ஸ் என்ற பெரும் பாடகரிடம் செயலாளராகச் சேர்ந்தார். டேவிட்ஸ் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் பாடிப் பிழைத்த குடும்பத்தில் பிறந்தவர். ஒரு பாட்டை எந்த இடத்தில் நிறுத்தினால் சபை சிரிக்கும், எந்த இடத்தில் குரலைத் தணித்தால் சபை காதைத் தீட்டிக்கொள்ளும் என்பதையெல்லாம் அத்தகைய ஒருவரின் அருகிலிருந்து பார்த்துப் பழகுவது, நம் பக்கத்தில் வாத்தியாரோடு ஊர் ஊராகச் சுற்றிக் கற்பதற்கு நிகரானது. அடுத்துச் சில காலம் பாரிஸ் விடுதிகளில் பாடினார்.

ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில், 1943-இல், சொந்தக் குழுவைத் தொடங்கினார். கொன்னி ஸ்டூவர்ட், ஹெட்டி ப்ளோக் போன்ற பின்னாளைய பெரிய பெயர்கள் அக்குழுவில் வளர்ந்தவை. ஒரே இரவில் காதலனாக, கிழவனாக, குடிகாரனாக மாறுவதும், பிறர் பாடும்போது ஒதுங்கி நிற்பதும் அங்கே அன்றாடப் பயிற்சி. பாதி நாயகன் அங்கேயே உருவாகிவிட்டான் என்பது என் எண்ணம்.

நாட்டு மக்கள் அனைவரும் அவரை அறிந்தது 1950களில் வானொலியில் வந்த வில்லெம் பாரெல் என்ற பாத்திரத்தால். அவன் தெரு ஆர்கன்காரன். இங்கு இன்றும் கடைவீதியில் அந்த வண்டிகளைப் பார்க்கலாம்: வண்ணம் பூசிய பெரிய மரப்பெட்டி, பக்கத்தில் ஒரு சக்கரம், அதைச் சுற்றச் சுற்றத் துளையிட்ட அட்டைப் புத்தகம் மடிப்பு மடிப்பாய் உள்ளே போகப் பாட்டு எழும், ஆர்கன்காரர் பித்தளைக் குவளையில் சில்லறையைத் தாளத்துக்கேற்பக் குலுக்கிக்கொண்டு வருவோர் போவோரிடம் நீட்டுவார். அந்த மனிதனின் வாய்த்துடுக்கையும் தன்மானத்தையும் சொன்னவெல்ட் தன் குரலில் கொண்டுவந்தார். 1955-இல் அது திரைப்படமுமாயிற்று. பாத்திரம் தன்னை விழுங்கிவிடுமோ என்று சலிப்புற்று அதைக் கைவிட்டதைத்தான் அவருடைய வாழ்வின் மிகத் துணிச்சலான முடிவாக நான் கருதுகிறேன்.

இசையாசிரியை, தேவகோட்டை:

தம்பி கண்டனூரார் குழுவைப் பற்றிச் சொன்னது முழுவதும் சரி. ஆனால் ஹிக்கின்ஸ் வேடம் எத்தகையது என்பதையும் பார்க்க வேண்டும். 1956-இல் பிராட்வேயில் அதை முதலில் ஏற்ற ரெக்ஸ் ஹாரிசன் பாடகர் அல்லர். தாளத்தின் மேல் பேசிப் பேசியே பாட்டைக் கொண்டுசென்றவர். பேச்சுக்கும் பாட்டுக்கும் இடையிலுள்ள அந்த ஒற்றையடிப் பாதையில் நடப்பதுதானே பபூனின் தொழில்? ஆர்மோனியம் சுருதி பிடித்து நிற்க, வசனமாகத் தொடங்கி, எங்கே பாட்டானது என்று தெரியாதபடி ஏறிவிடுவார். ஆகவே அந்த வேடம் சொன்னவெல்ட்டுக்கு வெளியிலிருந்து வந்து பொருந்திய சட்டை அன்று, அவர் அதுவரை செய்ததன் நீட்சியே. டச்சுப் பாடல்களை ஆக்கிய செத் ஹாய்க்கெமா அப்போது இருபதைக் கடந்த இளைஞர். பின்னாளில் அவரும் தனியாள் மேடைக்குப் புகழ் பெற்றார். மேலும் 1957-இல் ஹாலிவுட்டில் ஃப்ரெட் அஸ்டேர், சிட் சரிஸ் ஆகியோர் நடித்த ‘சில்க் ஸ்டாக்கிங்ஸ்’ படத்தில் ரஷ்ய இசையமைப்பாளராகச் சொன்னவெல்ட் தோன்றியிருந்தார். முழு நீள இசைப்படைப்பின் ஒழுங்கை அங்கே கண்டிருப்பார்.

கண்டனூரார், ராட்டர்டாம்:

ஆச்சி சொன்ன விளக்கம் எனக்கு முன்பு தோன்றாதது. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். அக்காலத்தில் இங்கே இசை நாடகத்துக்கென்று தனி நடிகர் கூட்டம் இல்லை. இருந்த வளமெல்லாம் இத்தகைய சிறு குழுக்களில்தான் இருந்தது. 1965-இல் அன்னி எம்.ஜி. ஸ்மிட் எழுதி, ஹாரி பன்னிங்க் இசையமைத்து, முதல் அசல் டச்சு இசை நாடகம் என்று பெயர் பெற்ற படைப்பு வந்தபோது, நாயகியாக நின்றவர் சொன்னவெல்ட் குழுவில் பாடிய கொன்னி ஸ்டூவர்ட்தான்.

சொன்னவெல்ட்டோ எதிர்த்திசையில் நடந்தார். இன்னொரு நகைச்சுவைக் கலைஞரான தோன் ஹெர்மன்ஸ் 1950களிலேயே தனியாள் நிகழ்ச்சிக்குப் போய்விட, இவர் 1964-இல்தான் தனியாகப் பொறுப்பேற்று மேடையேறினார். இவ்விருவருடன் விம் கானையும் சேர்த்து டச்சு நகைச்சுவை மேடையின் மும்மூர்த்திகளாகப் போற்றுகிறார்கள். விம் கான் போரின்போது ஜப்பானியரிடம் கைதியாகிப் பர்மா ரயில்பாதையில் வேலை செய்தவர். நம் முன்னோர் கடையும் கணக்கும் விட்டு வந்த அதே பர்மா என்பதால் இதைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

பள்ளத்தூர் வாசகர்:

இருவருக்கும் நன்றி. எங்கள் பகுதி நாடக அமைப்பாளர்களிடம் இதை எடுத்துச் சொல்லப் போகிறேன். டச்சு மொழி அறியாத நான் எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

இசையாசிரியை, தேவகோட்டை:

‘ஹெட் டோர்ப்’ என்னும் கிராமப் பாட்டிலிருந்து தொடங்குங்கள். மெட்டு பிரெஞ்சுப் பாடகர் ஜான் ஃபெராவுடையது. டச்சுச் சொற்கள் சொன்னவெல்ட்டின் வாழ்க்கைத் துணைவரும் ஓவியருமான ஃப்ரிசோ வீஹர்ஸ்மா எழுதியவை. வீஹர்ஸ்மா தாம் பிறந்த டோர்னெ என்ற ஊரை நினைத்து, ஒரு பழைய அஞ்சலட்டையிலிருந்து பாட்டைத் தொடங்குகிறார். ஊர் மாறிப்போனதைச் சொல்லும் அப்பாட்டில் சொன்னவெல்ட் எங்குமே குரலை உயர்த்தி அழுவதில்லை. நம் ஊர்ப் பூட்டிய வீடுகளுக்கிடையே வளர்ந்த எவருக்கும் மொழி தெரியாமலே அது எட்டும். அடுத்து, முதுகில் மேளம் கட்டிக்கொண்டு தனியாளாய் ஊர் சுற்றும் வாத்தியக்காரன் நிக்கலன் நெலிஸ் பாட்டைக் காணொளியாகப் பாருங்கள்; அதுவும் வீஹர்ஸ்மாவின் கைவண்ணமே. 1974 மார்ச் 8 அன்று, 56 வயதில், மாரடைப்பால் காலமாவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் சொன்னவெல்ட் மேடையேற்றிய பாத்திரம் அது. பாரெலைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அது முழுக்க முழுக்கப் பேச்சுநடையின் விளையாட்டு, கண்டனூர்த் தம்பியைப் போல மொழி அறிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் சுவைக்கும்.