மறு: நிறமிப் பிரிகையா, நிறமி விரவலா?

நண்பர்களே,

இங்க்ஜெட் மை சோதனைக் கையேட்டை வெள்ளிக்கிழமை அனுப்பியாக வேண்டும். நிறமி கரையாமல் நுண்துகளாக நீர்மத்தில் பரவி நிற்பதை ஆங்கிலத்தில் 'டிஸ்பெர்ஷன்' என்கிறோம். அதற்குத் தமிழில் பிரிகையா, விரவலா என்பதே பேச்சு. 'பாடநூலிலேயே பிரிகை நிலைமை, பிரிகை ஊடகம் என்று இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?' என்று ஐயா கேட்டிருந்தார். வகுப்பறையில் சரி. ஆனால் கையேட்டில் வரும் வரி இது: "ஒரு வாரம் 60 டிகிரி செல்சியஸில் வைத்த பின்னும் பிரிகை நிலைத்திருக்க வேண்டும்." படிப்பவர் மேலே தெளிவும் அடியில் கசடுமாக மை பிரிந்து கிடப்பதைத்தான் நினைப்பார். நாம் சொல்ல வந்ததோ அதற்கு நேர்மாறானது!

அதனால்தான் 'விரவல்' கேட்கிறேன். இரு திணைக்கும் பொதுவாக வரும் பெயரைத் தொல்காப்பியம் விரவுப்பெயர் என்கிறது. விரவினாலும் திணை இரண்டாகவே நிற்கிறது. நிறமியும் கரைவதில்லை, 100 நானோமீட்டர் அளவுத் துகளாகவே நீர்மத்தில் விரவி நிற்கிறது. 'மயக்கம்' என்ற அம்மாவின் பரிந்துரையும் எனக்குப் பிடித்திருந்தது. திணைமயக்கம், மெய்ம்மயக்கம் எல்லாம் கலத்தல்தான். ஆனால் 'நிறமி மயக்கச் சோதனை' என்றால் இன்று யாருக்குப் புரியும்?

'டிஸ்பெர்ஷன்' போதும் என்பவர்களுக்கு: பேச்சில் நானும் அப்படித்தான் சொல்கிறேன். ஆனால் அதிலிருந்து வினை கிளைக்காது. வெள்ளை மையில் உள்ள டைட்டானியம் டைஆக்சைடு நீரைப்போல் நான்கு மடங்கு அடர்த்தி, படியத்தான் செய்யும். குலுக்கினால் மீண்டும் விரவுகிறதா என்பதே கேள்வி. இந்த 'விரவுகிறதா'வை வேறு எப்படி எழுதுவது?

அடுத்த சிக்கல், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்வதைக் குறிக்கும் 'திரிதல்'. திரிந்த பால் பழையபடி ஆகாது. நிறமித் துகள்கள் தளர்வாக ஒட்டிக்கொண்டால் கலக்கியதும் பெரும்பாலும் விட்டுவிடும். இறுக ஒட்டினால் விடாது. அச்சுப்பொறியில் மை வெளிவரும் 20, 30 மைக்ரோமீட்டர் முனைத்துளையை அடைத்துவிடும். துகளளவும் பாகுநிலையும் கூடியிருந்தால், கலக்கிய பின் மறுபடி அளப்பது இதைப் பிரித்தறியத்தான். ஒரே சொல் இரண்டுக்கும் போதாது. 'தளர்திரள்', 'வன்திரள்' என்கிறேன் நான். வல்லினம் மெல்லினம் போல 'மென்திரள்' என்பதே இணை என்கிறார் இன்னொருவர். துகள் மென்மையானது என்று படித்துவிடுவார்களோ என்பதே என் தயக்கம்.

இதுவரை ஐந்து பேர் விரவல், இரண்டு பேர் பிரிகை. கையேட்டில் 'நிறமி விரவல் நிலைப்பு' என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் பிரிகையும் தருகிறேன். ஐயாவுக்கு இதில் உடன்பாடில்லை என்று தெரியும். தளர்திரளா, மென்திரளா என்பதை வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்.