அனிமல் கிராசிங்: மனசை விட்டுப் போகாத ஒரு சந்திப்பு, சொல்லுங்க

குமிழி_காவலன்

அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ், அதான் நிண்டெண்டோ ஸ்விட்ச்ல ஒரு தீவுல மிருகங்களோட குடியிருக்கிற வீடியோ கேம், அதை ஆடுறவங்களுக்கு ஷெர்ப்பை அறிமுகப்படுத்தத் தேவையில்ல. நீல ஆடு. வீட்டுத் தரைக்கு அடியில இருக்கிற பூச்சிங்க தன்கிட்ட பேசுதுன்னு சீரியஸாச் சொல்லுவான். போன வாரம் தலைக்கு மேல, ஏதோ யோசிக்கிறான்னு காட்டுற அந்தக் குமிழியோட பாலத்துப் பக்கம் சுத்திட்டிருந்தான். போய்ப் பேசினேன். வேற ஊர் பார்க்க ஆசையா இருக்காம், போகட்டுமான்னு கேட்டான். இங்கயே இருன்னு அமுக்கிட்டேன். உடனே சந்தோஷமாகி, சரின்னுட்டு நடையைக் கட்டிட்டான்.

அவ்வளவுதான் நடந்தது. ஆனா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலையே, ஏன்னுகூடக் கேக்கலையே! அதுதான் உறுத்துது. இப்ப எப்ப கேமைத் திறந்தாலும் முதல்ல அவன் தலையைத்தான் பார்க்குறேன். உங்களுக்கும் இப்படி ஒரு ஆள் இருப்பாங்கல்ல?

வலைவீசி

அனுப்பிவிட்டிருக்கலாம் ப்ரோ. மொத்தமே பத்து வீடுதான், ஒண்ணு காலியானாத்தானே புது ஆள் வரும்.

என் ஆள் ரோட்னி, அந்த வெள்ளெலி. வந்த நாள்லேர்ந்து பிடிக்கல. துரத்தணும்னு பூச்சி வலையாலயே தலையில போட்டேன். அன்னிக்கும் மூணு போடு. முகத்தைச் சுளிச்சுட்டுப் போய்ட்டான். நான் பாட்டுக்கு மரத்தை உலுக்கப் போனேன், குளவிக் கூடு விழுந்துச்சு, கொட்டி ஒரு கண்ணு வீங்கிப்போச்சு. அந்த மூஞ்சியோட நடந்து வர்றேன், எதிர்ல ரோட்னி. பேசினா, பதறிப்போய் மருந்து எடுத்து நீட்டுறான். வாங்கிப் போட்டுக்கிட்டேன். இப்பவும் பிடிக்காது, ஆனா வலையை எடுத்துட்டு அவன் பக்கம் போறதில்ல.

டர்னிப்தாசன்

@வலைவீசி தம்பி, வலையால் அடித்தால் வீட்டைக் காலி செய்வார்கள் என்பது வதந்தி. தீவு அலுவலகத்திலுள்ள இசபெல்லிடம் புகார் சொன்னாலும் பயன் இல்லை. நீங்கள் கொடுத்த சட்டையையோ சொல்லிக்கொடுத்த பேச்சையோ அவர்கள் விட்டுவிடுவார்கள், அவ்வளவுதான். ஒருவரைக் குறிப்பிட்டு வெளியேற்ற வேண்டுமானால் அமீபோ அட்டைதான் (பாத்திரங்களின் படம் போட்டுத் தனியாக விற்கும் அட்டை) வழி. அட்டையிலுள்ளவரை மூன்று நாள் முகாமுக்கு அழைத்து, கேட்கும் பொருளைச் செய்து கொடுத்து, குடியேறச் சம்மதிக்க வைக்க வேண்டும். அப்போது யார் போக வேண்டும் என்பதை நீங்களே சொல்லலாம். முகாமுக்குத் தானாக வருபவரைச் சேர்த்தால் அந்த உரிமை கிடையாது, அவரே ஒருவர் பெயரைச் சொல்லுவார்.

இதோடு ஒன்று. நிறைய பேர் வீட்டுக் கடனைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். முதல் கடன் 98,000 பெல்ஸ் (கேமின் காசு), கடைசிக் கடன் 24,98,000. கடன் கொடுக்கும் டாம் நூக்குக்கு வட்டியும் இல்லை, கெடுவும் இல்லை. இப்படி ஒரு வங்கி எங்கே இருக்கிறது? அவசரப்படாமல் காசை டர்னிப்பில், அதாவது வாங்கி வைத்து விலை ஏறும்போது விற்கும் கிழங்கில், போடுங்கள். ஞாயிறு காலை 5 மணி முதல் 12 வரை டெய்சி மே விற்பாள், விலை 90க்கும் 110க்கும் நடுவில் இருக்கும். கடை நம்மிடம் வாங்கும் விலை காலையில் ஒன்று, பகல் 12க்கு மேல் வேறு. இரண்டையும் தினமும் குறித்து வையுங்கள். அடுத்த ஞாயிற்றுக்குள் விற்காவிட்டால் அழுகிவிடும். ஸ்விட்சின் கடிகாரத்தைப் பின்னால் தள்ளினால் அந்த நிமிடமே அழுகிவிடும்.

என் அனுபவம்: ஒரு ஞாயிறு பகல் 12க்கு முன்பு டெய்சி மேயை ஆற்றுக்கு அந்தக் கரையில் பார்த்தேன். பாலத்தைச் சுற்றிக்கொண்டு போனேன். ஆளைக் காணோம்.

நைட்_டூட்டி

டர்னிப் வகுப்புக்கு நன்றி சார், யாரும் கேக்கலைன்னாலும்.

நான் சிங்கப்பூர்ல நர்ஸ், பெரும்பாலும் நைட் ஷிஃப்ட். பிரேக்ல ஸ்விட்சைத் திறந்தா தீவுலயும் ராத்திரி ரெண்டு மணி, மூணு மணி. நூக் கடையை பத்து மணிக்கே சாத்தியிருப்பாங்க. விக்கிறதை வெளியில இருக்கிற பெட்டியில போட்டா 80 சதவீத விலைதான். வீடு வீடா விளக்கு அணைஞ்சிருக்கும். கடைசியாத் தூங்கப் போறது சிடுமூஞ்சி ரகம்தான்னு இத்தனை நாள் ஆடினவங்களுக்குத் தெரியும். எங்க தீவுல அது அப்பல்லோ, கழுகு. அதனால எனக்குத் தெரிஞ்ச ஒரே பக்கத்து வீட்டுக்காரர் அவர்தான். மத்தவங்க முகமே சரியாப் பழகல.

ஒரு நாள் வார்டுல ரொம்ப மோசமான டூட்டி. எதுன்னு சொல்ல வேண்டாம். பேன்ட்ரியில உக்காந்து திறக்குறேன், அப்பல்லோ சதுக்கத்துல தனியா நின்னு பாடிட்டிருக்கார். நான் சத்தத்தை முழுசா அணைச்சு வெச்சிருந்தேன், அலகு அசையுறது மட்டும் தெரியுது. பாட்டு முடியுற வரைக்கும் எதிர்ல நின்னேன். அப்புறம் வணக்கம் சொல்ற ரியாக்‌ஷன் கொடுத்தேன், பிரேக் முடிஞ்சுது. அன்னிக்கு என்ன பாட்டு பாடினார்னு தெரியாமப் போச்சேன்னு இன்னும் இருக்கு.

இரண்டாம்_ஆள்

எல்லாரும் பக்கத்து வீட்டுக்காரங்களைப் பத்திச் சொல்றீங்க. என் பிரச்சனை சொந்த வீட்டுக்காரன்.

ஒரு ஸ்விட்சுக்கு ஒரே தீவு. யார் முதல்ல ஆரம்பிச்சாங்களோ அவங்கதான் பிரதிநிதி, அது எங்கண்ணன். பாலம் எங்க வரணும், யார் வீடு எங்க போகணும், எல்லாம் அவன் முடிவு. நான் குடிகூலி இல்லாம இருக்கிற ஆள். ரெண்டு பேரும் ஒரே திரையில ஆடினா இன்னும் மோசம். அவன் தலைவன், நான் பின்னாடி போறவ. கொஞ்சம் பிந்தினா என்னைத் தூக்கி அவன் பக்கத்துல போட்டுடும். நான் பொறுக்குறது, பிடிக்கிறது எதுவும் என் பைக்குள்ள வராது, ஆபீஸ்ல இருக்கிற மறுசுழற்சிப் பெட்டிக்குப் போயிடும்.

ஒரு நாள் மழை. கடற்கரையில பெரிய நிழல், தூண்டில் போட்டேன், சீலகாந்த் மீன்! மழையில மட்டும்தான் வரும், வித்தா 15,000. ரெண்டு பேரும் சோபா மேல ஏறிக் குதிச்சோம். அப்புறம் நான் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தா அந்தப் பெட்டியிலேர்ந்து எடுத்துட்டுப் போய் மியூசியம் நடத்துற பிளாதர்ஸ்கிட்ட கொடுத்துட்டான். மியூசியத்துல அந்தத் தொட்டி முன்னாடி நின்னு பாருங்க, நன்கொடையாளர்னு அவன் பேர்தான் இருக்கு. தேதியோட. அதை மாத்தவே முடியாது.

@குமிழி_காவலன் உங்க ஷெர்ப் உங்களைக் கேட்டுட்டாவது போறேன்னான்.

பனியும்_தேளும்

தங்கச்சி, உங்கட பேர் இல்லாட்டியும் மீன் அங்க கிடக்குதுதானே. என்ர கதையைக் கேளுங்கோ.

2020 லொக்டவுனுக்கு நானும் மச்சாளும் வாங்கினனாங்கள். நான் டொராண்டோ, அவள் மெல்பேர்ண். அவள் தன்ர தீவைத் தென் அரைக்கோளத்தில வைச்சவள், நான் வடக்கில. பிறகு மாத்தேலாது. டிசம்பரில என்ர தீவு பனி மூடிக் கிடக்கேக்க அவளிட்ட கோடை, இரவில தேள் திரியும். என்ர மியூசியத்தில தேள் இல்லை. எனக்கு விடியக்காலமை, அவளுக்கு இரவு, வா எண்டாள். போனன். தேளைக் கண்டால் ஓடக்கூடாது, அது நிமிர்ந்தால் நிண்ட இடத்தில நிக்க வேணும், பதிஞ்ச உடன ஒரு அடி முன்னால. அப்பிடியே ஒண்டைப் பிடிச்சிட்டன். பிறகு ரெண்டு பேரும் கடற்கரையில கதிரை போட்டு இருந்து போனில கதைச்சம். கலியாணம் தள்ளிப்போனது, அம்மம்மா, எல்லாம்.

படக்கெண்டு தொடர்பு அறுந்துது. அப்பிடி அறுந்தால் ரெண்டு பேருக்கும் கடைசியாச் சேமிச்ச இடத்துக்குத் திரும்பிவிடும், தெரியும்தானே. பையில தேளும் இல்லை, அவள் தந்த பேரிக்காயும் இல்லை. அவளின்ர தீவில நான் வந்ததுக்கே அடையாளமில்லை. போனில மட்டும் அவள் இன்னும் கதைச்சுக்கொண்டு இருக்கிறாள். அதுக்குப் பிறகு கோடையில என்ர தீவிலயே எத்தனையோ தேள் பிடிச்சாச்சு. ஆனா அந்தத் தேள்தான் எனக்குத் தேள்.

மச்சி_தீவு

சீரியஸாப் போய்ட்டிருக்கே, என்னோடது சின்னது. அக்கா பையன் லீவுக்கு வந்தப்ப லில்லிக்கு, அந்தத் தவளைக்கு, 'மச்சி'ன்னு பேச்சு முடிக்கக் கத்துக்கொடுத்துட்டுப் போயிட்டான். கேம்ல தமிழ் எழுத்து அடிக்க வராதே, இங்கிலீஷ் எழுத்துலதான் அடிச்சான். இந்தப் பேச்சு ஒருத்தர்கிட்டேர்ந்து இன்னொருத்தருக்கு ஒட்டிக்கும்ல, அடுத்த மாசம் பாதித் தீவு மச்சி போடுது. ஒரு நாள் ஜப்பான்ல இருக்கிற நண்பர் வந்தார், தமிழ் தெரியாது. அவர்கிட்டயும் மச்சி சொல்லியிருக்காங்க போல. இப்ப மெசேஜ் அனுப்பும்போதெல்லாம் கடைசியில மச்சி போடுறார். அர்த்தம் கேட்டா என்ன சொல்றதுன்னு யோசிச்சுட்டிருக்கேன்.

டர்னிப்தாசன்

@நைட்_டூட்டி அம்மா, உங்கள் பிரச்சனைக்குத் தீர்வு இருக்கிறது. இசபெல்லிடம் 20,000 பெல்ஸ் கட்டி இரவு ஆந்தைச் சட்டம் போடுங்கள். கடையும் கூடுதல் நேரம் இருக்கும், எல்லாரும் பிந்தித் தூங்குவார்கள். அல்லது ஸ்விட்சின் கடிகாரத்தையே முன்னால் தள்ளிவிடுங்கள். கையில் டர்னிப் இருந்தால் மட்டும் திரும்பப் பின்னால் கொண்டு வரக் கூடாது.

நைட்_டூட்டி

வேண்டாம் சார். கடிகாரத்தைத் தள்ளினா பகல் வரும், கூட்டம் வரும். எட்டு மணி நேரம் கூட்டத்தைத்தான் பார்க்குறேன்.

குமிழி_காவலன்

கடிகாரத்தை மாத்துறதே கள்ளாட்டம்தான், அதுக்குத் தனி இழை போடுங்க, இங்க வேண்டாம். @வலைவீசி, பத்து வீடுன்னீங்க, சரி. ஆனா போறேன்னு அவன் கேட்டது தற்செயலா வர்ற கேள்வின்னே வெச்சுக்கங்க. பதில் சொன்னது நான்தானே?

வலைவீசி

அடுத்த தடவை கேட்டா அப்பப் பார்த்துக்கலாம் ப்ரோ. நிக்கிறவன் நிக்கட்டும்.

எங்க கடையில இன்னிக்கு மதியம் டர்னிப் 487. ராத்திரி பத்து வரைக்கும் கேட் திறந்திருக்கும், என் தீவுக்கு வர்றதுக்கான டோடோ கோடு வேணும்னா தனியாக் கேளுங்க. ஏர்போர்ட்லேர்ந்து நேரா மேல, இடது பக்கம் கடை. பூவுக்குள்ள ஓடாதீங்க, இதழ் உதிர்ந்துடுது. வழியில ரோட்னி நிப்பான், அடிக்க வேண்டாம்.