அப்பா பெயரில் இருக்கும் வீட்டு வரி ரசீதை அம்மா பெயருக்கு மாற்ற முடியவில்லை. பேரூராட்சியில் மனுவையே வாங்க மறுக்கிறார்கள்

வாய்க்கால்மேடு:

எல்லோருக்கும் வணக்கம். கொங்குப் பக்கம் ஒரு பேரூராட்சியில் எங்கள் வீடு. 1994இல் அப்பா தன் சம்பாத்தியத்தில் மனை வாங்கிக் கட்டியது. கிரயப் பத்திரம், பட்டா, வீட்டு வரி, குடிநீர் இணைப்பு, கரண்ட் எல்லாமே அவர் பெயரில்தான். 2021இல் அப்பா தவறிவிட்டார். உயில் எதுவும் எழுதவில்லை.

வரி ரசீதையாவது அம்மா பெயருக்கு மாற்றலாம் என்று போனோம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பத்திர நகல், கடைசியாகக் கட்டிய ரசீது, அம்மாவின் ஆதார் எல்லாம் கையில் இருக்கிறது. வாரிசுச் சான்றில் அம்மா, நான், தங்கை, அப்பாவைப் பெற்ற பாட்டி என நான்கு பெயர். பாட்டி சித்தப்பா வீட்டில் இருந்தார். 2023இல் அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அலுவலகத்தில் சொல்வது இதுதான். பாட்டிக்குத் தனியாக வாரிசுச் சான்று வாங்க வேண்டுமாம். சித்தப்பா, அத்தை இருவரிடமும் சம்மதக் கடிதம் வேண்டுமாம். தங்கை நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். தங்கை மஸ்கட்டில் இருக்கிறாள். அத்தை வீட்டோடு எங்களுக்குப் பேச்சுவார்த்தை இல்லை. அப்பா சம்பாதித்துக் கட்டிய வீட்டுக்கு அத்தையிடம் எதற்குக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று கேட்டால், "அப்படித்தான் ரூல்" என்கிறார்கள். மனுவை வாங்கிக்கொள்ளவும் இல்லை, முடியாது என்று எழுதித் தரவும் இல்லை. பெயர் மாறாமல் இந்த அரையாண்டு வரியைக் கட்ட வேண்டாம் என்று அம்மா வேறு பிடிவாதமாக இருக்கிறார்.

இன்னொரு சந்தேகம். 2022இல் வரியை ஏற்றியபோது எங்களுக்கு ஒன்றரை மடங்கானது. பக்கத்து வீட்டுக்குக் கால் பங்குதான் கூடியது. எங்கள் வீடு 640 சதுர அடி, அவர்களுடையது 590. இவ்வளவு வித்தியாசம் எப்படி வரும்?

யாருக்காவது இதில் அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்.

நொய்யல்காற்று:

இதெல்லாம் தெரியாதா தலைவரே? கவனிக்க வேண்டியவரைக் கவனித்தால் அத்தையும் வேண்டாம், மஸ்கட்டும் வேண்டாம்.

வெள்ளாமை:

அடுத்த கிராம சபையில் எழுந்து கேளுங்கள். எங்கள் ஊரில் இப்படித்தான் ஒரு தண்ணீர்க் குழாய்ப் பிரச்சினை தீர்ந்தது. தலைவர், ஊராட்சிச் செயலர் எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுத வைத்துவிடுங்கள்.

பழைய பில்கலெக்டர்:

வெள்ளாமை சார், அவர் சொல்வது பேரூராட்சி. கிராம சபை ஊராட்சிகளுக்கு மட்டும்தான். குடியரசு தினம், தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு தடவை கூடுவது உங்கள் ஊரில்தான். பேரூராட்சியில் இருப்பது மன்றக் கூட்டம். அதில் பேசுவது கவுன்சிலர்கள், நாம் எழுந்து பேச முடியாது.

தம்பி வாய்க்கால்மேடு, நான் சில பேரூராட்சிகளில் வரி வசூல் பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் விஷயத்தில் அலுவலகம் சொல்வதில் பாதி சரி, பாதி தப்பு.

முதலில் அம்மாவிடம் வரியைக் கட்டச் சொல்லுங்கள். வரி வீட்டுக்கு. யார் பெயரில் ரசீது வந்தாலும் கட்டலாம், அப்பா பெயரிலேயே ஆன்லைனில் கட்டினாலும் ஒன்றும் ஆகிவிடாது. ஏப்ரல் 30க்குள், இல்லை அக்டோபர் 31க்குள் கட்டினால் அந்த அரையாண்டு வரியில் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு. விட்டுவிட்டால் மாதத்துக்கு 1 சதவீதம் வட்டி ஏறும். அதைவிட முக்கியம், பாக்கி இருக்கிற வீட்டுக்குப் பெயர் மாற்றத்தை யாரும் தொடமாட்டார்கள். வரி, குடிநீர்க் கட்டணம், குப்பைக் கட்டணம் மூன்றையும் நடப்பு வரை கட்டி ரசீது வைத்துக்கொள்ளுங்கள். பாக்கி இல்லை என்றாலே அலுவலகத்துக்குப் பாதி சாக்கு போய்விடும்.

அடுத்தது மனு. கவுண்டரில் வாயால் கேட்டு வாயால் பதில் வாங்கியவரை அது மனுவே இல்லை. செயல் அலுவலருக்கு முகவரி போட்டு, வரிவிதிப்பு எண்ணைக் குறிப்பிட்டு எழுதி, தபால் பிரிவில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் அன்றைக்கே ஸ்பீடு போஸ்டில் அனுப்பிவிடுங்கள். கோப்பு என்று ஒன்று உருவான பிறகுதான் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். இதில் கையெழுத்துப் போடுவது செயல் அலுவலர்தான். தலைவரையோ கவுன்சிலரையோ பார்ப்பதில் தப்பில்லை, ஆனால் அவர்கள் கையெழுத்தில் பெயர் மாறாது.

இப்போது அந்தப் பாதி சரிக்கு வருகிறேன். அம்மா பெயருக்கு மட்டும் மாற்ற வேண்டும் என்று கேட்கிறீர்கள். அப்படிக் கேட்டால் மற்ற வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் செய்ய முடியாது, அதில் அலுவலகத்தைக் குறை சொல்ல மாட்டேன். நாளைக்கு ஒருவர் ஆட்சேபம் கொண்டுவந்தால் மெமோ வாங்கப்போவது அந்த எழுத்தர். ஆனால் வாரிசுகள் எல்லோர் பெயரிலும் கூட்டாக மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டால் யாருடைய உரிமையும் போகவில்லையே! நாங்கள் இறப்புச் சான்றையும் வாரிசுச் சான்றையும் வைத்து, இறந்தவர் பெயரை எடுத்துவிட்டு, மனைவி பெயரை முதலில் எழுதி "மற்றும் வாரிசுகள்" என்று கேட்புப் பதிவேட்டில், அதாவது யார் எவ்வளவு வரி கட்ட வேண்டும் என்று எழுதும் பதிவேட்டில், போட்டுவிடுவோம். உங்கள் பாட்டியின் இறப்புச் சான்றையும் கூட இணைத்துவிடுங்கள். ரசீதில் அம்மா பெயர் வந்துவிடும். சொத்து யாருக்கு எவ்வளவு என்பதை அந்த ரசீது தீர்மானிக்கப் போவதில்லை.

2022 ஏற்றத்தில் தப்பு எதுவும் இல்லை. 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100 என்று படி வைத்திருந்தார்கள். பக்கத்து வீடு 590, முதல் படியிலேயே நின்றுவிட்டது. நீங்கள் 40 அடியில் அடுத்த படிக்குப் போய்விட்டீர்கள். பதிவேட்டில் 640 என்று இருப்பது உண்மையான அளவுதானா என்று மட்டும் டேப் வைத்து அளந்து பாருங்கள். பழைய பதிவேடுகளில் தாழ்வாரத்தையும் திண்ணையையும் சேர்த்து எழுதியிருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆவண அக்கா:

பத்திரம் எழுதும் தொழிலில் இருக்கிறேன். "அத்தையிடம் எதற்குக் கையெழுத்து" என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் வாரம் ஒருவராவது என்னிடம் இதைக் கேட்டுச் சண்டை போடுகிறார்கள்.

நீங்கள் இந்துக் குடும்பம் என்று வைத்துக்கொள்கிறேன். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் ஓர் ஆண் இறந்தால் மனைவி, மகன், மகள், தாய் எல்லோரும் முதல் வகுப்பு வாரிசுகள். சம பங்கு. சுய சம்பாத்தியமாக இருந்தாலும் இதேதான். ஆகவே 2021இல் உங்கள் அப்பா இறந்த அன்றே வீடு நான்கு பங்காகிவிட்டது. கால் பங்கு பாட்டிக்கு.

2023இல் பாட்டியும் உயில் இல்லாமல் போய்விட்டார். தாத்தா முன்பே இறந்துவிட்டார் என்றால் அந்தக் கால் பங்கு பாட்டியின் பிள்ளைகளுக்குப் போகும். சித்தப்பா ஒன்று, அத்தை ஒன்று, முன்னமே இறந்த மகனான உங்கள் அப்பாவின் கிளைக்கு ஒன்று. அப்பாவின் கிளையில் வருவது நீங்களும் தங்கையும்தான், மருமகளான உங்கள் அம்மா இந்தப் பங்கில் வரமாட்டார். வீட்டை 24 பங்காக வைத்தால் அம்மாவுக்கு 6, உங்களுக்கு 7, தங்கைக்கு 7, சித்தப்பாவுக்கு 2, அத்தைக்கு 2.

ஆக, அத்தைக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு இருக்கிறது. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் கணக்கு அதுதான். கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் கதையே வேறு, அங்கே பிள்ளைகள் இருக்கும்போது இறந்தவரின் தாய்க்குப் பங்கு வராது.

வரி ரசீதுக்குப் பழைய பில்கலெக்டர் ஐயா சொன்னபடி கூட்டுப் பெயரில் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் வீட்டை விற்கவோ, வங்கியில் அடமானக் கடன் வாங்கவோ, பட்டாவை அம்மா பெயருக்கு மட்டும் மாற்றவோ போனால் சித்தப்பாவும் அத்தையும் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுத்தாக வேண்டும். அதற்கு வெறும் சம்மதக் கடிதம் போதாது. அதை இன்றைக்கே செய்ய வேண்டும் என்றில்லை. ஆனால் ஆட்கள் உயிரோடு இருக்கும்போதே செய்வது நல்லது. அத்தை போய்விட்டால் அந்த 2 பங்கு அவர் வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் பிரியும், அப்புறம் கையெழுத்து வாங்க வேண்டியவர்கள் இன்னும் கூடிவிடுவார்கள்.

நொய்யல்காற்று:

இவ்வளவு கணக்கு எதற்கு? ஆயிரமோ இரண்டாயிரமோ கொடுத்தால் அம்மா பெயரிலேயே போட்டுத் தருவார்கள்.

பழைய பில்கலெக்டர்:

போட்டுத் தருவார்கள். அத்தை ஒரு மனு கொடுத்தால் அடுத்த வாரமே ரத்தும் செய்வார்கள். கொடுத்த காசைத் திருப்பிக் கேட்கவா முடியும்? கேட்டவர் பெயரை லஞ்ச ஒழிப்புத் துறையிடம் சொல்வதற்கு வேண்டுமானால் அது உதவும்.

வாய்க்கால்மேடு:

இருவருக்கும் நன்றி. பாட்டிக்குப் பங்கு இருக்கிறது என்று யாரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முதலில் கோபம், அப்புறம் அமைதியாகி, "சரி, ரசீதுல என் பேரு முன்னாடி வந்தாப் போதும்" என்றார். வரியைக் கட்டிவிட்டோம்.

இப்போது இரண்டு கேள்விகள். கூட்டுப் பெயருக்கும் தங்கையின் கையெழுத்து வேண்டுமா? அப்புறம், மனு கொடுத்த பிறகும் பதிலே வராவிட்டால் எத்தனை நாள் பொறுப்பது?

ஆவண அக்கா:

மனுவில் வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட்டால் கேள்வியே வராது. தங்கை மஸ்கட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தில் ஒரு சம்மதக் கடிதத்தில் கையெழுத்திட்டு, சான்றொப்பம் வாங்கி அனுப்பினால் போதும். நேரில்தான் வர வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. அதோடு நாளைக்கு விடுதலைப் பத்திரம், பட்டா வேலைகளுக்கும் சேர்த்து உங்களுக்கு ஒரு பொது அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்பச் சொல்லுங்கள், ஒரே அலைச்சலில் முடியும். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள். மறந்தால் மறுபடி முதலிலிருந்து தூதரகம்.

பழைய பில்கலெக்டர்:

ஒரு மாதம் பாருங்கள். பதில் இல்லை என்றால் அதே அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு ஆர்டிஐ மனு, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு மனு. 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். "ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. "இன்ன தேதியில் நான் கொடுத்த மனு எந்தக் கோப்பில் இருக்கிறது, இன்று வரை எழுதப்பட்ட குறிப்புகளின் நகல் வேண்டும், கூட்டுப் பெயர் மாற்றத்துக்கு எந்தெந்த ஆவணங்கள் தேவை என்று சொல்லும் விதி அல்லது சுற்றறிக்கையின் நகல் வேண்டும்" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும், தராவிட்டால் மேல்முறையீடு. பல இடங்களில் ஆர்டிஐ வந்த மறுநாளே கோப்பு நகர்ந்துவிடும். குறிப்பில் ஒன்றுமே எழுதாமல் வைத்திருந்தது வெளியே தெரிந்துவிடுமே!

அதற்கும் மசியவில்லை என்றால் பேரூராட்சிகளின் உதவி இயக்குநருக்கு எழுதுங்கள், செயல் அலுவலருக்கு மேலே இருப்பவர் அவர்தான். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தாலும் மனு சுற்றி வந்து அவர் மேசையில்தான் விழும். முதல்வரின் உதவி மைய எண் 1100க்குப் போன் செய்து புகார் பதிந்தாலும் அதேதான், ஆனால் அதில் "விசாரணையில் உள்ளது" என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

வெள்ளாமை:

ஐயா, இதே வேலை ஊராட்சியில் என்றால் யாரிடம்?

பழைய பில்கலெக்டர்:

ஊராட்சிச் செயலரிடம் மனு, தலைவர் கையெழுத்து. மேலே போக வேண்டுமென்றால் வட்டார வளர்ச்சி அலுவலர், அதாவது பிடிஓ.

வாய்க்கால்மேடு:

தகவல் சொல்ல வந்தேன். மனுவை "அம்மா மற்றும் வாரிசுகள்" என்று மாற்றி எழுதி, பாட்டியின் இறப்புச் சான்று, தங்கையின் தூதரகக் கடிதம் எல்லாம் இணைத்துக் கொடுத்தேன். இந்தத் தடவை எழுத்தர் படித்துப் பார்த்துவிட்டு, "இப்படிக் கேட்டிருந்தா அன்னைக்கே வாங்கியிருப்பேனே" என்று சொல்லி முத்திரை போட்டுக் கொடுத்தார். ஆர்டிஐ வரை போகவில்லை. ஆன்லைனில் பார்த்தால் பெயர் மாறிவிட்டது, ஆனால் அம்மாவின் இனிஷியல் தப்பாக இருக்கிறது. அப்பா இனிஷியலையே போட்டுவிட்டார்கள். அதோடு குடிநீர் இணைப்பில் இன்னும் அப்பா பெயர்தான் வருகிறது. இரண்டுக்கும் மறுபடி மனுவா?

பழைய பில்கலெக்டர்:

இனிஷியலுக்கு ஆதார் நகலை வைத்து ஒரு வெள்ளைத் தாளில் திருத்த மனு போதும். உடனே செய்துவிடுங்கள், கரண்ட் ஆபீஸில் இந்த ரசீதைக் காட்டும்போது அந்த ஒரு எழுத்துக்காகத் திருப்பி அனுப்புவார்கள். குடிநீர் இணைப்புக்குத் தனி எண், தனிப் பதிவேடு. வீட்டு வரி மாறினால் அது தானாக மாறாது. புது வரி ரசீது நகலை இணைத்து இன்னொரு மனு கொடுங்கள். இணைப்புக்கு அப்பா டெபாசிட் கட்டிய பழைய ரசீது வீட்டில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், அதையும் கேட்பார்கள்.