ஜிபிஜியில் பூட்டிய ஃபைல் பாஸ்வர்ட் கேட்காமலே திறக்கிறதே?

சிப்புட்_தம்பி:
சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். தோட்டத்துக் கோயில் உறுப்பினர் பட்டியல் என் லேப்டாப்பில் இருக்கிறது, எல்லார் ஐசி (அடையாள அட்டை) நம்பரும் அதில் இருப்பதால் லினக்ஸில் ஃபைலைப் பூட்டும் ஜிபிஜி புரோகிராமுக்கு மைனஸ் சி கொடுத்து, பாஸ்வர்ட் வைத்துப் பூட்டினேன். சரி, திறக்கிறதா பார்ப்போம் என்று உடனே திறப்பதற்கான மைனஸ் டி கொடுத்தால் ஒன்றுமே கேட்காமல் முழுப் பட்டியலையும் திரையில் கொட்டிவிட்டது! பக்கத்தில் மைலோ குடித்துக்கொண்டிருந்த மாமா, "இதுதான் உன் பூட்டா?" என்கிறார்.

பழைய_கிராணி:
பூட்டு சரிதான் தம்பி. ஜிபிஜி ஏஜென்ட் என்று ஒன்று பின்னால் ஓடும், அடித்த பாஸ்வர்டை வழக்கமாக 600 விநாடி, அதாவது 10 நிமிடம் ஞாபகம் வைத்திருக்கும், நடுவில் திறந்தால் அந்தக் கணக்கு மறுபடி முதலிலிருந்து. லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள், கேட்கும். திரையில் கொட்டியது வேறு விஷயம், மைனஸ் ஓ போட்டு ஃபைல் பெயர் கொடுக்கவில்லை என்றால் அப்படித்தான்.

ரப்பர்_பால்:
அதை விடுங்கள், பழைய ஃபைலை அழித்தீர்களா? மைனஸ் சி பூட்டிய நகல் ஒன்றைத்தான் புதிதாக எழுதும், கடைசியில் டாட் ஜிபிஜி இருக்கும். அசல் அதே ஃபோல்டரில் திறந்தபடி கிடக்கும். வீட்டைப் பூட்டிவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்த கதை. ஆனால் பாஸ்வர்ட் மறந்தால் மீட்க வழியே இல்லை, எழுதி வையுங்கள், அப்புறம் அசலை அழித்துவிடுங்கள்.

சிப்புட்_தம்பி:
ரீஸ்டார்ட் செய்தேன், கேட்டது. அசல் அங்கேயேதான் இருந்தது அண்ணே, பெண்டிரைவிலும் ஒன்று!