எஸ்டராக்கமா, எஸ்டர்மாற்றமா? பழைய எண்ணெயை டீசலாக்கும் வினைக்கு ஒரு சொல்

குழுவினருக்கு வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். பலகாரக் கடையில் மிஞ்சும் பழைய எண்ணெயிலிருந்து குறைந்த செலவில் பயோடீசல் செய்வது பற்றி பாலிடெக்னிக் மாணவர்களுக்குக் கையேடு எழுதும் தம்பி, ‘டிரான்ஸ்எஸ்டரிஃபிகேஷன்’ என்பதற்குத் தமிழில் என்ன போடலாம் என்று கேட்டிருந்தார். இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. மாற்று எஸ்டராக்கம், குறுக்கு எஸ்டராக்கம், ஆல்கஹாலாற்பகுப்பு, சாராயமாற்று. ஐந்தாவதாக நான் வைத்தது: எஸ்டர்மாற்றம்.

கல்லூரி ஆய்வகத்தில் இந்த வேலையைப் பல வருடம் மாணவர்களோடு செய்தவன் நான். அதனால் அகராதியை விட்டுவிட்டுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்று பேசுகிறேன்.

சமையல் எண்ணெய் எதுவானாலும் அதன் மூலக்கூறில் கிளிசரால் என்ற ஆல்கஹால் ஒன்று மூன்று கொழுப்பு அமிலங்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த மூன்று பிடியும் எஸ்டர் பிணைப்புகள். அமிலமும் ஆல்கஹாலும் இணைந்து உருவாவதுதான் எஸ்டர். காஸ்டிக் சோடாவைக் கரைத்த மெத்தனாலை ஊற்றி, 55 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் கலக்கினால், கிளிசரால் பிடித்திருந்த கொழுப்பு அமிலங்கள் ஒவ்வொன்றாக மெத்தனாலின் கைக்குப் போய்விடுகின்றன. பழைய எஸ்டர் போய்ப் புதிய எஸ்டர் வருகிறது. அந்தப் புதிய மெத்தில் எஸ்டர்தான் பயோடீசல். தனித்து விடப்பட்ட கிளிசரால் கனமானது, அதனால் அடியில் இறங்கிவிடும். இரவு ஊற வைத்துக் காலையில் வந்து பார்த்தால், கேனின் அடியில் நன்னாரி சர்பத் நிறத்தில் ஒரு படலமும் மேலே தேன் நிறத்தில் தெளிந்த எரிபொருளும் நிற்கும். நடுவில் கோடு போட்டது போல இருக்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். எண்ணெய் தொடக்கத்திலேயே எஸ்டர்தான். முடிவில் கிடைப்பதும் எஸ்டர்தான். அப்படியிருக்க ‘எஸ்டராக்கம்’ என்ற சொல் இங்கே எப்படிப் பொருந்தும்? எஸ்டராக இல்லாத ஒன்றை எஸ்டராக ஆக்கினால் அது எஸ்டராக்கம். ஏற்கெனவே சோறாக இருப்பதை யாரும் சோறாக்குவதில்லை. முன்னால் மாற்று என்றோ குறுக்கு என்றோ எதைச் சேர்த்தாலும் ‘ஆக்கம்’ என்ற பகுதியில் இருக்கும் பிழை போகாது.

என் சொல்லுக்கு உடனே மறுப்பும் வந்தது.

> எஸ்டர்மாற்றம் என்றால் எஸ்டர் வேறு ஏதோவாக மாறிவிட்டது என்று படிப்பவர்கள் நினைக்க மாட்டார்களா?

நல்ல கேள்வி. இரண்டு நாள் யோசித்தேன். தமிழில் ஏற்கெனவே புழங்கும் சொற்களே இதற்குப் பதில் சொல்கின்றன. பெயர்மாற்றம் என்கிறோம். மாற்றிய பிறகும் அந்த ஆளுக்குப் பெயர் இருக்கிறது, வேறு பெயர். இடமாற்றம் ஆன அலுவலருக்கு வேறு இடம் இருக்கிறது. பட்டா பெயர்மாற்றம், ஆட்சிமாற்றம், கட்சிமாற்றம் எல்லாமே இந்த வார்ப்புதான். முன்னால் நிற்கும் பொருள் காணாமல் போவதில்லை, ஒன்றின் இடத்தில் அதே வகையில் இன்னொன்று வந்து உட்கார்கிறது. எஸ்டர்மாற்றத்திலும் அதேதான் நடக்கிறது. எட்டாம் வகுப்பு படித்தவருக்கும் இந்த வார்ப்பு காதில் பழகியது. விளக்கம் எழுதாமலே பாதி புரிந்துவிடும்.

‘மாற்று எஸ்டராக்கம்’ பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். தம்பியின் கையேட்டில் முதல் பக்கத்திலேயே ‘மாற்று எரிபொருள்’ என்று இருக்கிறது. அங்கே மாற்று என்றால் இன்னொன்றுக்குப் பதிலாக வருவது. அதே மாணவன் இரண்டு பக்கம் தள்ளி ‘மாற்று எஸ்டராக்கம்’ என்று படித்தால், வழக்கமான எஸ்டராக்கத்துக்குப் பதிலாகச் செய்யும் வேறொரு முறை என்றுதான் எடுத்துக்கொள்வான். அவன் மேல் தப்பில்லை.

இந்தக் குழப்பம் தாளோடு நிற்காது என்பதுதான் என் கவலை. பழைய எண்ணெயில் இரண்டு வினைகளும் தேவைப்படும் நேரம் உண்டு. வடையோ பஜ்ஜியோ வேகும்போது மாவில் இருக்கும் தண்ணீர் கொதிக்கும் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கிறது. அது நீராற்பகுப்பு. அதனால் கொழுப்பு அமிலங்கள் பிடி விட்டுத் தனியாகத் திரிய ஆரம்பிக்கின்றன. எண்ணெய் எவ்வளவு அடி வாங்கியிருக்கிறதோ அவ்வளவு தனிக் கொழுப்பு அமிலம். அது மிக அதிகமாக இருந்தால், முதலில் கந்தக அமிலமும் மெத்தனாலும் சேர்த்து அந்தத் தனி அமிலங்களை எஸ்டர்களாக ஆக்க வேண்டும். இது உண்மையான எஸ்டராக்கம், இதில் தண்ணீர் வெளிவரும். அதற்கு அப்புறம்தான் காஸ்டிக் சோடா போட்டு எஸ்டர்மாற்றம். முதல் படிக்கு அமிலம் வினையூக்கி, இரண்டாம் படிக்குக் காரம். பெயர்கள் ஒன்றுபோல இருந்தால் எந்தப் படியில் எதை ஊற்றுவது என்பதிலேயே தடுமாற்றம் வரும். கந்தக அமிலத்தையும் காஸ்டிக் சோடாவையும் வைத்துக்கொண்டு தடுமாறக் கூடாது.

மூன்றாவதாக ஒரு வினையும் இருக்கிறது, நாம் விரும்பாமலே நடப்பது. ஒரு தடவை பரோட்டாக் கடை எண்ணெய் இருபது லிட்டர் வந்தது. அவசரத்தில் ஈரம் போகச் சூடாக்கவில்லை. எண்ணெய் கறுத்திருக்கிறதே என்று காஸ்டிக் சோடாவையும் கண்ணளவில் கூட்டிப் போட்டோம். பத்து நிமிடத்தில் கலக்கும் கம்பு நகரவில்லை. கேன் முழுக்கக் கேழ்வரகுக் களி மாதிரி இறுகி, கையில் எடுத்தால் வழுக்கியது. இருபது லிட்டரும் சோப்பு. அன்றைக்கு என்னுடன் நின்ற மாணவர்கள் சோப்பாதல் என்ற சொல்லை மறக்கவே மாட்டார்கள்.

அந்தச் சொல்லில் ‘ஆதல்’ இருப்பதைக் கவனியுங்கள். நாம் செய்தால் ஆக்கம், தானாக நேர்ந்தால் ஆதல். கையேட்டில் இந்த மூன்றையும் எஸ்டராக்கம், எஸ்டர்மாற்றம், சோப்பாதல் என்று எழுதினால் எது நாம் ஆக்குவது, எது மாற்றுவது, எது கைமீறிப் போவது என்று சொல்லே காட்டிக்கொடுக்கும்.

கண்ணளவு வேண்டாம் என்பதற்காக ஒரு வார்த்தை. எண்ணெயின் அமிலத்தை அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 1 கிராம் காஸ்டிக் சோடாவைக் கரைத்துக்கொள்ளுங்கள். 1 மில்லி எண்ணெயை 10 மில்லி ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கலந்து, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போட்டு, அந்தக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மஞ்சள் சிவப்பாகத் திரும்பி அப்படியே நின்றால் நிறுத்திவிடலாம். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் ஆரத்தி சிவக்கிறதே, அதே வேதியியல். எத்தனை மில்லி செலவானதோ அத்தனை கிராம் காஸ்டிக் சோடாவை, ஒரு லிட்டர் எண்ணெய்க்கு வழக்கமான 3.5 கிராமோடு கூட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு மில்லி செலவானால் 5.5 கிராம். பாடநூல் இதைத் தரம்பார்த்தல் என்கிறது. எண்ணெயின் தரத்தைப் பார்ப்பதே வேலை என்பதால் இந்த இடத்தில் அந்தச் சொல் அச்சாகப் பொருந்துகிறது. அதை மாற்ற வேண்டாம்.

அடுத்து, சாராயமாற்று. அதை முன்மொழிந்த ஐயா மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. மெத்தனாலை மரச்சாராயம் என்று சொல்லும் வழக்கு இருக்கிறது என்பதும் தெரியும். ஆனால் கையேட்டில் எந்த இடத்திலும் சாராயம் என்ற சொல் வரக் கூடாது என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்கள் குடித்ததில் இருந்தது மெத்தனால். சிறிதளவு உள்ளே போனாலே கண் போகும், அதற்கு மேல் உயிர் போகும். அதனால்தான் தமிழ்நாட்டில் அதை வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். வீட்டுக் கொல்லையில் யாரும் இதைத் தொடங்கிவிட முடியாது, உரிமம் உள்ள ஆய்வகத்தில்தான் முடியும் என்பதையும் தம்பி முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் போட வேண்டும். ஆய்வக அலமாரியில் ‘மரச்சாராயம்’ என்று தமிழில் எழுதி ஒட்டிய ஒரு பாட்டிலை நினைத்துப் பாருங்கள். கலைச்சொல் அழகாக இருப்பதைவிட யாரையும் ஏமாற்றாமல் இருப்பது முக்கியம். மெத்தனால் என்றே இருக்கட்டும், பக்கத்தில் ‘நஞ்சு’ என்று சேர்த்து.

ஆல்கஹாலாற்பகுப்பு தவறான சொல் இல்லை. நீராற்பகுப்போடு சேர்த்துப் பார்த்தால் ஒழுங்காகவும் இருக்கிறது. கொள்கை விளக்கும் நூலில் அதற்கு இடம் உண்டு. ஆனால் பட்டறையில் நின்றுகொண்டு சொல்லிப் பாருங்கள், நாக்கு இரண்டு இடத்தில் தட்டும். அதிலிருந்து வினையெச்சமோ பெயரெச்சமோ எடுக்கவும் முடியாது.

ஒரு சொல் நிற்குமா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை அதுதான். எண்ணெயை எஸ்டர்மாற்றம் செய்தோம். எஸ்டர் மாறிய எண்ணெய். எஸ்டர் மாறாத எண்ணெய். கடைசிச் சொல்தான் ஆய்வகத்தில் அதிகம் தேவைப்படும். 3 மில்லி பயோடீசலை 27 மில்லி மெத்தனாலில் விட்டுக் குலுக்குவோம். முழுக்கக் கரைந்தால் வேலை முடிந்தது. அடியில் முத்து முத்தாக எண்ணெய் தங்கினால் அது எஸ்டர் மாறாத எண்ணெய், திரும்பவும் வினைக்குப் போக வேண்டியது. போன வாரம் மாணவர்களிடம் இந்தச் சொல்லை ஒரு தரம்தான் சொன்னேன். மாலையில் ஒரு பெண் சோதனைக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “சார், இன்னும் எஸ்டர் மாறலை” என்றாள்.

வரலாறு எழுதும் பக்கத்திலும் இந்தச் சொல் உதவும். 1900-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் டீசல் இன்ஜின் ஒன்று கடலை எண்ணெயில் ஓடியதைக் காட்டிவிட்டு, பயோடீசல் அன்றே வந்துவிட்டது என்று பலர் எழுதுகிறார்கள். அங்கே ஊற்றியது வெறும் எண்ணெய், எஸ்டர் மாறாதது. தாவர எண்ணெயை எஸ்டர்மாற்றம் செய்து எரிபொருளாக்க பெல்ஜியத்தில் 1937-இல் பெறப்பட்ட காப்புரிமையைத்தான் தொடக்கமாகச் சொல்ல வேண்டும். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் இருக்கிறது. 40 டிகிரியில் எண்ணெயின் பிசுக்கு (பாகுத்தன்மை) டீசலைப் போலச் சுமார் பத்து மடங்கு. எஸ்டர் மாறிய பிறகு அது டீசலுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. இன்றைய இன்ஜினில் வெறும் எண்ணெயை ஊற்றிக்கொண்டே இருந்தால் நாளடைவில் எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டரில் கரி பிடித்துவிடும்.

கையேட்டில் ‘கழிவு எண்ணெய்’ என்று இருக்கும் இடங்களைப் ‘பழைய சமையல் எண்ணெய்’ என்று மாற்றச் சொல்வேன். கடைக்காரர்கள் பழைய எண்ணெய் என்றுதான் சொல்கிறார்கள். கழிவு எண்ணெய் வேண்டும் என்று ஒரு மாணவன் மெக்கானிக் கடையில் கேட்டால் இன்ஜினிலிருந்து வடித்த கருப்பாயிலை ஊற்றிக் கொடுப்பார்கள். அதில் மாற்றுவதற்கு எஸ்டரே கிடையாது.

ஈழத்து நண்பர்கள் எசுத்தர் என்று எழுதுகிறார்கள். கிரந்தம் தவிர்ப்பவர்கள் எசுத்தர்மாற்றம் என்று எழுதிக்கொள்ளலாம். அங்கே காரத்தை மூலம் என்பதால், கையேடு யாழ்ப்பாணத்துக்கும் போவதாக இருந்தால் சொல்லடைவில் இரண்டையும் போடுங்கள்.

சொல்லடைவுக்கு என் வரைவு:

எஸ்டர்மாற்றம்: ஓர் எஸ்டரில் உள்ள ஆல்கஹாலின் இடத்தை வேறோர் ஆல்கஹால் பிடித்துப் புதிய எஸ்டர் உருவாகும் வினை. காட்டு: எண்ணெயிலுள்ள கிளிசராலின் இடத்தை மெத்தனால் பிடித்தல்.

பெயர்ச்சொல்லாக வரும்போது சேர்த்தும், வினையாக வரும்போது ‘எஸ்டர் மாறிய’ என்று பிரித்தும் எழுதலாம் என்பது என் எண்ணம். இலக்கணம் அறிந்தவர்கள் இதில் பிழை இருந்தால் சொல்லுங்கள். தம்பி வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டுமாம்.