தலைமைப் பொறுப்பில் இருப்பவர் தம் அச்சத்தையும் தெரியாமையையும் பணியாளர்களிடம் சொல்லலாமா?

பாளை வார்டு இன்சார்ஜ்:
பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியராக இருந்த எனக்கு அண்மையில் வார்டு இன்சார்ஜ் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள். புதிதாகப் பொறுப்பேற்றவர்களுக்கு நிர்வாகம் நடத்திய பயிற்சி வகுப்பில், பெருநகரத்திலிருந்து வந்த பயிற்றுநர் ஒரே கருத்தைத் திரும்பத் திரும்ப வலியுறுத்தினார். தலைமையில் இருப்பவர் முகமூடி அணியக் கூடாது, தம் பயத்தையும் தெரியாமையையும் வீட்டுக் கவலையையும்கூடக் குழுவினரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும், அப்போதுதான் அவர்களும் மனம் திறப்பார்கள் என்பது அவர் வாதம். என் வார்டில் என்னைவிட மூத்த சிஸ்டர்களும் இருக்கிறார்கள், படிப்பை முடித்த கையோடு வந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். இந்த இரு சாராரிடமும் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது? இங்கே நம் பக்கத்தில் வேலை பார்த்தவர்களின் கருத்தைத்தான் நான் முதன்மையாகக் கேட்க விரும்புகிறேன்.

தாழையூத்து ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர்:
அம்மா, வாழ்த்துகள். ஆலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன், வீட்டுக் கவலையை வார்டுக்குள் கொண்டுபோக வேண்டாம். அந்தப் பயிற்றுநரின் ஊரில், அலுவலகத்தில் சொன்ன சொல் அலுவலகத்தோடு நின்றுவிடலாம். நம் ஊரில் உங்களுக்குக் கீழே வேலை பார்க்கும் பெண்ணின் சித்தி உங்கள் மாமியார் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருப்பார்; காலையில் நீங்கள் மனம் திறந்து சொன்னது பொழுது சாய்வதற்குள் கொக்கிரகுளம் பாலத்தைத் தாண்டி ஜங்ஷனுக்குப் போயிருக்கும்.

ஆனால் ஊர்ப்பேச்சுக்கு அஞ்சி மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. மேலே இருப்பவர் தம் மனப்பாரத்தை இறக்கிவைத்தால் கீழே இருப்பவர் அதை ஏற்றுக்கொண்டுதான் தீர வேண்டும், ஏனென்றால் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் அவர் இல்லை. தாய்க்குக் காய்ச்சல் என்று லீவு கேட்க வந்த பிள்ளை, இன்சார்ஜுக்கே இரவெல்லாம் தூக்கமில்லையாம் என்று கேட்டபின், வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு டியூட்டிக்குத் திரும்பிப் போய்விடும். உங்களுக்கு மனம் லேசாகியிருக்கும். அந்தப் பிள்ளைக்கு என்ன ஆகியிருக்கும் என்று நீங்கள் அறியவே மாட்டீர்கள். ஆறுதல் தேடுவதற்கு வீடு இருக்கிறது, தோழியர் இருக்கிறார்கள். நம்மிடம் சம்பளத்துக்கும் லீவுக்கும் கையெழுத்து வாங்க வேண்டியவர்களிடம் ஆறுதல் தேடுவது முறையன்று.

கங்கைகொண்டான் பொறியாளர்:
வீட்டுக் கவலையைப் பற்றி அண்ணாச்சி சொன்னதை நான் ஏற்கிறேன். ஆனால் தெரியாமையையும் தவறையும் அதே மூட்டையில் சேர்த்துக் கட்டி ஒதுக்கிவிட முடியாது. சிப்காட் தொழிற்சாலை ஒன்றில் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறேன். விபத்து நேராமல் நூலிழையில் தப்பிய நிகழ்ச்சிகளை, நாங்கள் நியர் மிஸ் என்று சொல்பவற்றை, தொழிலாளர்களே சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும் என்பது விதி. பெட்டி பல மாதங்கள் காலியாகவே கிடந்தது. புதிய இயந்திரம் ஒன்று வந்தபோது, அதன் எச்சரிக்கை ஒலி எதைக் குறிக்கிறது என்று தமக்கு விளங்கவில்லை என்பதை ஷிப்ட் இன்சார்ஜ் எல்லோர் முன்னிலையிலும் சொல்லி, மூத்த ஆபரேட்டர் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். அந்த ஷிப்டிலிருந்துதான் முதலில் சீட்டுகள் வரத் தொடங்கின.

சகோதரியின் துறைக்கே உரிய சான்று ஒன்றும் இருக்கிறது. ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர், நல்ல ஒற்றுமையோடு வேலை செய்யும் செவிலியர் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்து மருத்துவமனை வார்டுகளை ஆராய்ந்தார். 1996இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு நேர்மாறாக இருந்தது: சிறந்த குழுக்களில்தான் அதிகப் பிழைகள் பதிவாகியிருந்தன. அங்கே பிழைகள் மிகுதியாக நடக்கவில்லை, நடந்தவற்றை ஒளிக்காமல் சொன்னார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம். சொல்வதற்கு அஞ்சிய வார்டுகளில் ஏடு சுத்தமாக இருந்தது. நோயாளிக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை. தலைமையில் இருப்பவர் எல்லாம் தெரிந்தவர்போல் நின்றால் கீழே இருப்பவரும் அப்படியே நிற்பார், மாத்திரை மாறிப்போனது யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

தாழையூத்து ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர்:
தம்பி, அந்த ஆய்வு சொல்வது தவறைச் சொன்னவரை என்ன செய்தார்கள் என்பதைப் பற்றி. தலைவர் தம்மைப் பற்றி என்ன சொன்னார் என்பதைப் பற்றியன்று. இரண்டுக்கும் உள்ள தூரம் பெரிது. மேலாளர் ஒருவர் கூட்டத்தில் கண் கலங்கிப் பேசிவிட்டு மறுநாள் மெமோ நீட்டினால், கலங்கியதற்கு என்ன மதிப்பு?

எலியட் ஆரான்சனும் உடன் ஆய்வாளர்களும் 1966இல் வெளியிட்ட சோதனை ஒன்றை நீங்களும் படித்திருப்பீர்கள். வினாடி வினாப் போட்டிக்கு வந்தவரின் குரல்பதிவை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒருவர் 92 விழுக்காடு கேள்விகளுக்குச் சரியாக விடை சொன்னவர், மற்றவர் 30 விழுக்காட்டோடு நின்றவர். காப்பியைத் தம்மேல் கொட்டிக்கொண்டபோது, திறமையானவரைக் கேட்டவர்களுக்குக் கூடுதலாகப் பிடித்தது. சுமாரானவரை முன்பைவிடவும் பிடிக்காமல் போனது. பலவீனத்தைக் காட்டி நன்மதிப்புப் பெறுகிறவர் ஏற்கெனவே மதிப்புள்ளவர்தான். மனம் திறந்து பேசச் சொல்லும் மேடைப் பேச்சாளர்கள் எல்லோரும் தத்தம் துறையில் வென்றபின் மனம் திறந்தவர்கள். இந்த அம்மாவோ பொறுப்பேற்ற புதிது. மூத்த சிஸ்டர்கள் அவர் திறமையை எடைபோட்டுக்கொண்டிருக்கும் காலம் இது.

மகேந்திரகிரியில் ராக்கெட் இயந்திரங்களைச் சோதிக்கும் ஓசையைக் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி.-3 வங்கக் கடலில் விழுந்தபோது, திட்டத்தை நடத்திய அப்துல் கலாமை முன்னே தள்ளாமல், இஸ்ரோ தலைவர் சதீஷ் தவானே செய்தியாளர்களைச் சந்தித்துத் தோல்விக்குப் பொறுப்பேற்றார். 1980 ஜூலை 18 அன்று வெற்றி கிட்டியபோது கலாமை முன்னே அனுப்பினார். கலாம் வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்த நிகழ்ச்சி இது. தவான் அன்று தம் மனக்கலக்கத்தை விவரிக்கவில்லை; அடி விழும் இடத்தில் தாம் நின்றார். கீழே இருப்பவர்களுக்கு வேண்டியது அதுதான்.

நாங்குநேரி ஆசிரியர்:
இதுவரை யாரும் தொடாத ஒன்றை நான் சொல்லியாக வேண்டும். தலைவர் தம் உண்மையான இயல்போடு இருக்க வேண்டும் என்ற அறிவுரை நம் மாவட்டத்தில் என்ன பொருள்படும் என்று எண்ணிப் பாருங்கள். ஒருவருடைய இயல்பு என்பதில் அவர் பிறந்த தெருவும், அவர் கையில் கட்டிய கயிறும், யாரைப் பார்த்தால் அவர் முகம் மலர்கிறது, யாரைப் பார்த்தால் சுருங்குகிறது என்பதும் சேர்ந்தே இருக்கின்றன. 2023 ஆகஸ்டில் எங்கள் ஊரில் தலித் மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் உடன் படித்த மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி ஆகியவற்றை மாணவர்கள் அணியக் கூடாது என்று பரிந்துரைத்தது. ஒரு வட்டாரத்தில் எண்ணிக்கையில் மிகுந்த சாதியைச் சேர்ந்தவரையே அங்கே தலைமையாசிரியராகவும் கல்வி அலுவலராகவும் அமர்த்துவதைத் தவிர்க்க வேண்டும் என்ற பரிந்துரையும் அதில் உண்டு.

அலுவலகத்தில் ஒருவர் தம் சொந்த முகத்தைச் சற்றே மறைத்துக்கொண்டு, எல்லோரையும் ஒரே முறையில் விளித்து, ஒரே விதிப்படி நடத்துவதைப் பொய்மை என்று சொல்பவர்களுக்கு, அந்த விதியின் நிழலில் மட்டுமே மூச்சுவிட முடிந்த பணியாளர்களைத் தெரியாது. நம் ஊர்களில் முதல் தலைமுறையாக அரசு வேலைக்கும் ஆலை வேலைக்கும் போனவர்களுக்கு, மேலதிகாரியின் மனம் திறந்த பேச்சைவிட, அவர் எழுத்தில் தந்த ஆணை பல நேரம் பெரிய பாதுகாப்பாக இருந்திருக்கிறது. எனக்கும் அப்படித்தான்.

கங்கைகொண்டான் பொறியாளர்:
ஆசிரியர் ஐயா சொன்னதற்கு எதிராக என்னிடம் ஒரு சொல்லும் இல்லை. எனினும் விதியை மட்டும் நம்பி நிற்கும் இடத்தில், விதி எதிர்பார்க்காத ஒன்று நடக்கும்போது யாரும் வாய் திறப்பதில்லை என்பதையும் நான் தொழிற்சாலையில் பார்க்கிறேன். இயந்திரத்தின் காவல் மூடி கழன்று கிடப்பதை ஆறு பேர் பார்த்திருப்பார்கள், அதைச் சொல்வது தம் வேலையன்று என்று ஆறு பேரும் நினைத்திருப்பார்கள். அண்ணாச்சிக்கும் ஒன்று கேட்கிறேன். தவான் பொறுப்பேற்றதும் ஒருவகையில் மனம் திறத்தல்தானே? தோற்றோம் என்று நாட்டின் முன்னால் சொல்வதற்கு, ஒன்றும் ஆகாதவர்போல் நிற்கும் தலைவரால் முடியாது. அழுவதையும் புலம்புவதையும் நானும் கேட்கவில்லை. தோற்றதைத் தோற்றது என்று சொல்வதைத்தான் கேட்கிறேன்.

தென்காசி வங்கி மேலாளர்:
ஆண்கள் மூவர் பேசிவிட்டீர்கள்; பெண்ணாக இருந்து கிளையை நடத்துகிறவள் என்ற முறையில் நானும் சொல்கிறேன். ஒரே நடத்தைக்கு இருபாலாருக்கும் ஒரே மதிப்பெண் கிடைப்பதில்லை. பிரெஸ்கால், உல்மன் என்ற ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில், வேலையிடத்தில் கோபத்தைக் காட்டிய ஆணைவிட அதே கோபத்தைக் காட்டிய பெண்ணுக்கு மதிப்பு குறைந்ததைக் கண்டார்கள். ஆணின் கோபத்துக்குச் சூழ்நிலையைக் காரணமாகச் சொன்னவர்கள், பெண்ணின் கோபத்துக்கு அவள் குணத்தையே காரணமாகச் சொன்னார்கள். கண்ணீரும் அப்படித்தான் எடைபோடப்படும் என்று என் அனுபவத்திலிருந்து சொல்வேன். ஆகவே, எதைச் சொன்னாலும் முழுமையாகச் சொல்லுங்கள் என்னும் அறிவுரையைப் பெண்கள் கேட்டவுடன் பின்பற்றக் கூடாது.

ஆனாலும் சொல்லத்தான் வேண்டிய நேரம் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டி, தாமிரபரணி கரை புரண்டபோது நான் நெல்லையில் வேலை பார்த்தேன். அன்றைய எங்கள் மேலதிகாரி அலைபேசியில் எல்லோரையும் அழைத்து, எந்தெந்தக் கிளையைத் திறக்க முடியும் என்பது தமக்குத் தெரியவில்லை என்றும், தம் வீட்டிலும் தண்ணீர் புகுந்துவிட்டது என்றும் சொன்னார். அடுத்த மூச்சிலேயே, நாளை காலை பத்து மணிக்கு மறுபடி அழைப்பேன், அதுவரை ஒருவரும் புறப்பட வேண்டாம், வராததற்கு லீவு கழிக்கப்படாது, அதற்கு நான் பொறுப்பு என்றும் சொன்னார். தெரியாது என்று அவர் சொன்னதால்தான், முழங்கால் தண்ணீரில் கிளைக்குப் போகக் கிளம்பியிருந்த இருவர் நின்றார்கள். தெரியாது என்பதோடு அவர் நிறுத்தியிருந்தால் எங்களுக்குப் பயம்தான் கூடியிருக்கும்.

பாளை வார்டு இன்சார்ஜ்:
எல்லோருக்கும் நன்றி. அண்ணாச்சியும் பொறியாளரும் இன்னும் ஒத்துப்போகவில்லை என்று தெரிகிறது. ஆயினும் இருவர் சொன்னதிலிருந்தும் எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. என் தூக்கமின்மையையும் வீட்டுச் சங்கதியையும் வார்டில் பேசப் போவதில்லை. ஷிப்ட் மாறும்போது, எனக்குப் புதிதான மருந்தையோ கருவியையோ பற்றி மூத்த சிஸ்டர்களிடம் எல்லோர் முன்னிலையிலும் கேட்டுக்கொள்வேன். அவர்கள் என்னைவிட அறிந்தவர்கள் என்பதை மறைப்பதால் நோயாளிக்கு ஒரு நன்மையும் ஆகப்போவதில்லை. டோஸ் மாறியதையோ நேரம் தவறியதையோ தானாக வந்து சொல்பவருக்கு என் கையால் மெமோ போகாது என்பதையும் முதல் கூட்டத்திலேயே சொல்லப் போகிறேன். அதைப் பதிவதற்கு ஒரு படிவமும் தயாரிக்கிறேன்; பிழையை எழுதுவதற்கு முன், அதற்கு இடம்கொடுத்த சூழ்நிலையை எழுதும்படி அதை அமைக்கிறேன். எல்லோரையும் சிஸ்டர் என்றே அழைப்பேன், ஊரையும் தெருவையும் கேட்கமாட்டேன்.

தாழையூத்து ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர்:
நல்லது அம்மா. ஆனால் முதல் கூட்டத்தில் வாக்குக் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் கையால் மெமோ போகாது, சரி. அந்தப் படிவத்தைப் பார்க்கும் மேட்ரனும் நிர்வாக அலுவலரும் என்ன செய்வார்கள்? படிவத்தில் செவிலியரின் பெயர் இருக்குமா இருக்காதா, சம்பள உயர்வுக்கான கோப்பில் அது சேருமா சேராதா என்பதை அவர்களிடமிருந்து எழுத்தில் வாங்கிவிடுங்கள். அவர்கள் தர மறுத்தால், மறுத்தார்கள் என்பதையே பிள்ளைகளிடம் சொல்லுங்கள். உங்களை நம்பி எழுதிக் கொடுத்த பிள்ளை வேலையை இழந்தால், அதன்பின் நீங்கள் எவ்வளவு மனம் திறந்து பேசினாலும் அந்த வார்டில் யாரும் உங்களிடம் எதையும் சொல்லமாட்டார்கள்.